விதிகளையே மாற்றும் விளையாட்டு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவி

விளையாட்டு என்றால் அதற்கு விதிகள் உண்டு. சதுரங்கத்தில் குதிரையின் நடையை ஆட்டத்தின் நடுவே யாரும் மாற்றுவதில்லை. ஆனால் விதிகளை மாற்றுவதையே ஆட்டமாகக் கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் கூறியபோது வியந்தேன். அதன் பெயர் நோமிக்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் அமைத்த இவ்விளையாட்டு, 1982 ஜூன் மாத ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழின் வாயிலாகப் பரவலாக அறிமுகமாயிற்று. தொடக்க விதிகள் 29. அவற்றுள் 101 முதல் 116 வரை எளிதில் மாற்றவியலாதவை. 201 முதல் 213 வரை மாற்றத்தக்கவை. தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு விதிமாற்றத்தை முன்மொழிவர். அதன்மீது வாக்கெடுப்பு நடக்கும்.

ஐயம் எழுந்தால்?

விதியின் பொருளில் கருத்து வேற்றுமை எழுந்தால், ஆடுபவருக்கு முந்தைய முறைக்காரரே நடுவர். விதி தெளிவாக இல்லையெனில், அவர் ஆட்ட வழக்கத்தையும் ஆட்டத்தின் நோக்கத்தையும் கருதித் தீர்ப்பளிக்க வேண்டும். மற்றவர்கள் ஒருமனதாக, அடுத்த முறை தொடங்குமுன் மறுத்தால்தான் அத்தீர்ப்பு மாறும். எந்த முடிவுக்கும் வர இயலாத முரண்பாடு தோன்றினால், தம் முறையை முடிக்க முடியாத முதல் ஆட்டக்காரரே வென்றவராவார்!

பதிவில் பிழை நேர்ந்தால்?

1993-இல் தொடங்கி மின்னஞ்சல் வழியே நடந்துவரும் ‘அகோரா’ என்னும் நோமிக் ஆட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒருவருடைய 40 புள்ளிகள் ஏட்டில் 50 என்று ஏறிவிட்டதாகக் கொள்வோம். ஆறு மாதம் கழித்து அது தெரியவந்தால், இடையில் நடந்த அனைத்தும் ஐயத்துக்குரியனவாகும். ஆகவே, குறிப்பிட்ட சில அறிக்கைகள் வெளியான ஒரு வாரத்துக்குள் எவரும் மறுப்புத் தெரிவிக்காவிடில், அவையே உண்மை என்று கொள்ளப்படும். அதாவது, 50 என்று எழுதியது 50 ஆகவே ஆகிவிடும்! ஒரே ஒருவர் மறுத்தாலும் அவ்வாறு ஆகாது.

மௌனம் சம்மதம் என்னும் இம்முறை சிறந்ததே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆடுவோர் அனைவருக்கும் ஏட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் பிறந்த நாள் தவறாகப் பதிவாயிற்று. எழுதியதைக் காட்டினார்கள், அவர் விரல் பதித்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அத்தேதியே ஏறிவிட்டது. அதைத் திருத்த அப்பா தம் கூலியை இழந்து எத்தனையோ நாள்கள் அலைந்தார், இன்னும் திருந்தவில்லை. அன்று அவர் மௌனமாக இருந்தது சம்மதத்தால் அன்று.

சென்ற ஆண்டு தம்பியின் தேர்வுப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளிக்கு நானே சென்றேன். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. கூறியவுடன் ஆசிரியர் அங்கேயே திருத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். கையொப்பமிடுமுன் ஏட்டைப் படிப்போம். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுவோம்.