டன்னுக்கு ஒரு டாலர்

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுரையும் கேள்வியும் கிடைத்தன. நடிகர் சார்லஸ் பிரான்சன் போர்முனைக்கே போகவில்லை, ராணுவத்தில் சாப்பாட்டு லாரிதான் ஓட்டினார் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டிருக்கிறாய். நெடுநாளாக உலவும் புரளி இது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 1943-இல் அமெரிக்க ராணுவ விமானப்படையில் சேர்ந்தவர் அவர். 1945-இல் குவாம் தீவில் இருந்த 39-ஆவது குண்டுவீச்சுப் பிரிவில், பி-29 விமானத்தின் துப்பாக்கி வீரர். 25 முறை தாக்குதலுக்குப் பறந்தார். காயம்பட்ட வீரர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் பெற்றார். குவாமிலிருந்து ஜப்பான் போய்த் திரும்ப ஏறக்குறைய 15 மணி நேரம். வழி நெடுகக் கடல். லாரிக் கதையை இத்தோடு விட்டுவிடு.

உன் கட்டுரையில் என்னை உறுத்தியது வேறொன்று. 'ஏழைச் சுரங்கத் தொழிலாளியின் மகன்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே ராணுவத்துக்குத் தாவிவிட்டாய். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று?

பென்சில்வேனியாவின் கேம்பிரியா வட்டாரத்தில் எரன்பெல்ட் என்ற சிற்றூர். தந்தை லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த தாத்தார் இனத்தவர். தாய் பென்சில்வேனியாவிலேயே லிதுவேனியக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் புச்சின்ஸ்கி. 15 பிள்ளைகளில் சார்லஸ் 11-ஆவது. மாற்றுடை இல்லாமல் அக்காவின் கவுனை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்தார். பையன் முதலில் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தான். பிறகு சுரங்கத்துக்குள் இறங்கினான். வெட்டிய கரிக்குக் கூலி, டன்னுக்கு 1 டாலர்.

இந்த டன் கணக்கை நீ நிதானமாகப் பார்க்க வேண்டும். கரிப்படலத்தின் அடியைக் குடைந்து, துளை போட்டு, வெடி வைத்து, சரிந்த கரியை மண்வாரியால் வண்டியில் அள்ளிப் போட வேண்டும். வண்டி மேலே போய் எடை போட்ட பிறகுதான் காசு. கூரை சரியாமல் மரத்தூண் முட்டுக் கொடுப்பது, பாறையை அப்புறப்படுத்துவது, தேங்கிய தண்ணீரை இறைப்பது ஆகியவற்றுக்குப் பல சுரங்கங்களில் தனிக்கூலி கிடையாது. இன்னும் ஒரு வண்டி நிரப்பிவிட்டு முட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தவன் தலையில் கூரை இறங்கியது. வெடிவிபத்துகள் செய்தியாகும், ஆனால் அமெரிக்கச் சுரங்கங்களில் அதிகம் பேரைக் கொன்றது கூரைச் சரிவுதான். அந்தச் சாவுகளில் பெரும்பங்கு கூலிமுறையின் கணக்கில் சேர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் இங்கிலாந்துச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய 'தி ரோடு டு விகன் பியர்' நூலைத் தேடிப் படி. கரிமுகம் வரை குனிந்தபடியே மைல் கணக்கில் நடக்கும் நேரத்துக்கு அங்கேயும் கூலி இல்லை.

1907-இல் மட்டும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 3,242 பேர் செத்தார்கள். அது பழைய கதை என்று தள்ளிவிடாதே. 1940 ஜூலை 15 அன்று அதே கேம்பிரியா வட்டாரத்தில், சோன்மன் சுரங்க வெடிப்பில் 63 பேர் போனார்கள். சார்லஸுக்கு அப்போது 18 வயது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவே இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தைப் பார். ஜெர்மானியச் சிறைமுகாமில் சுரங்கவழி தோண்டும் டேனியாக நடித்தவர் பிரான்சன். கட்டில் பலகைகளைப் பிடுங்கி மண்ணுக்கு முட்டுக் கொடுப்பார்கள். அது கதாசிரியர் கற்பனை அல்ல. நிஜ முகாமில் அந்த வேலையை முன்னின்று நடத்திய வாலி பிளடி, கனடாவின் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவரே. படத்திலும் நிஜத்திலும் மண்ணைக் குடைந்தவர் சுரங்கக்காரர்தான்.

போருக்குப் பின், திரும்பி வந்த வீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியோடு பிரான்சன் படிக்கப் போனார், சுரங்கத்துக்குத் திரும்பவில்லை. 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது, ரஷ்யப் பெயர் போல ஒலித்த புச்சின்ஸ்கியும் திரையிலிருந்து மறைந்தது.

கட்டுரையைத் திருத்தி எழுது. தாய்க்கு ஒரு பத்தியாவது கொடு; டன் கணக்கை விடாதே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்