கெட்ட சேதி முன்கூட்டியே வரட்டும்: பாதுகாப்பு ஒப்பந்தங்களில் ஈட்டிய மதிப்புக் கணக்கைச் சீராக்க ஏழு படிகள்

1991 ஜனவரி 7 அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டிக் செனி, கடற்படைக்கான ஏ-12 தாக்குதல் விமானத் திட்டத்தை ரத்து செய்தார். மெக்டொனல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 1988-இல் பெற்ற அந்த ஒப்பந்தத்துக்கு அரசு தரக்கூடிய உச்ச விலை 484 கோடி டாலர். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு 2014 வரை நடந்தது. இறுதியில் மெக்டொனல் டக்ளஸை வாங்கியிருந்த போயிங் விமானங்களாகவும், ஜெனரல் டைனமிக்ஸ் கப்பல் பணியில் விலைக் கழிவாகவும், ஆளுக்கு 20 கோடி டாலர் மதிப்புக்குக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

இதில் கவனிக்க வேண்டியது, திட்டம் தடுமாறுவதை மாதாந்திரக் கணக்குகள் முன்பே காட்டியிருந்தன என்பதுதான். கடற்படையின் மூத்த சட்ட அதிகாரி செஸ்டர் பால் பீச் 1990 நவம்பரில் அளித்த விசாரணை அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. செலவு எகிறும் என்று ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடுகளை ஒதுக்கிவிட்டு, நம்பிக்கையூட்டும் எண்களையே மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த மாதாந்திரக் கணக்குக்குப் பெயர் ஈட்டிய மதிப்பு மேலாண்மை. 1967-இல் பென்டகன் 35 அளவுகோல்களுடன் இதைக் கட்டாயமாக்கியது. 1998-இல் அது இஐஏ-748 என்ற தொழில்துறைத் தரநிலையாகி, 32 நெறிகளாகச் சுருங்கியது. கருவி அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. அதை நேர்மையாக இயக்குவதுதான் இன்றும் கடினம். ஒப்பந்த நிறுவனத்தின் திட்டக் கட்டுப்பாட்டாளருக்கும், எதிர்ப்புறம் அமரும் அரசின் திட்ட அலுவலருக்கும் பயன்படும் படிகள் இவை.

முதலில், மூன்று எண்கள்

இந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கான பட்ஜெட், திட்டமிட்ட மதிப்பு. உண்மையில் முடிந்த வேலைக்கான பட்ஜெட், ஈட்டிய மதிப்பு. அந்த வேலைக்கு ஆன பணம், உண்மைச் செலவு.

10 கோடி டாலர் பட்ஜெட் கொண்ட ஒரு ரேடார் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இன்று 4 கோடிக்கான வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 3 கோடிக்குத்தான், செலவோ 3.75 கோடி. செலவை மட்டும் பார்ப்பவருக்கு, 4 கோடி ஒதுக்கியதில் 25 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஈட்டிய மதிப்பைச் செலவால் வகுத்தால் செலவுத் திறன் 0.80, ஒவ்வொரு டாலருக்கும் 80 சென்ட் வேலைதான் கிடைத்திருக்கிறது. ஈட்டியதைத் திட்டமிட்டதால் வகுத்தால் காலத் திறன் 0.75. மிச்சம் என்று தோன்றியது உண்மையில் பற்றாக்குறை.

படி 1: வேலையைப் பொருளாக உடையுங்கள்

வேலைப் பகுப்பை அலுவலகத் துறைகளின் பெயரில் அமைக்காமல், ஒப்படைக்க வேண்டிய பொருளின் உறுப்புகளாக அமைக்க வேண்டும். விமானம், கப்பல், ஏவுகணை என ஒவ்வொரு வகைக்கும் இதற்கான மாதிரியை மில்-ஸ்டாண்டர்டு-881 தருகிறது. பகுப்பின் ஒரு கிளையும் அதைச் செய்யும் குழுவும் சந்திக்கும் இடம் கட்டுப்பாட்டுக் கணக்கு. அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆட்களையும் பட்ஜெட்டையும் மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லையென்றால், அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

கணக்குகளை அளவுக்கு மீறிப் பொடியாக்குவதும் கேடு. சின்னச் சின்னக் கணக்குகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால், பொறுப்பாளர்களின் நேரம் விளக்கக் குறிப்பு எழுதுவதிலேயே போய்விடும். ஆபத்து மிகுந்த பகுதிகளை நுணுக்கமாகவும் பழகிய பகுதிகளைப் பெரிய துண்டுகளாகவும் வைத்துக்கொள்ளலாம். எந்த மட்டம் வரை அறிக்கை வேண்டும் என்பதை அரசுத் தரப்பும் ஒப்பந்தத்துக்கு முன்பே அளவோடு கேட்க வேண்டும்.

படி 2: மதிப்பு ஈட்டும் விதியை வேலைக்கு முன்பே எழுதுங்கள்

இந்த முறை பெரும்பாலும் பழுதாவது இங்கேதான். “எவ்வளவு முடிந்தது?” என்ற கேள்விக்குப் பொறியாளரின் ஊகம் பதிலாக வந்தால், வேலை 90 சதவீதத்தை விரைவாக எட்டி, அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும்.

ஒரு மாதத்துக்குள் முடியும் வேலைக்கு, முடிந்தால் முழு மதிப்பு, இல்லையேல் பூஜ்யம் என்ற விதி போதும். இரண்டு மாத வேலைக்குத் தொடக்கத்தில் பாதி, முடிவில் பாதி கொடுக்கலாம். அதைவிட நீண்ட வேலைக்கு எடையிட்ட மைல்கற்கள் வேண்டும். வரைபடம் வெளியிட 30 சதவீதம், பாகம் தயாராக 40, சோதனையில் தேற 30 என்று முன்னதாகவே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று எது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மேற்பார்வை போன்ற தொடர் பணிகள் தனி வகை. நாள் கழிந்தாலே அவற்றில் மதிப்பு ஏறிவிடும். காலத் தாமதம் ஒருபோதும் தெரியாது. அளக்கக்கூடிய வேலையை இந்த வகைக்குள் தள்ளினால் மொத்தக் குறியீடும் 1-ஐ ஒட்டி நின்று உண்மையை மறைக்கும். ஆகவே இவற்றைக் குறைத்து, தனியே பிரித்துக் காட்டுங்கள்.

படி 3: அடிப்படைத் திட்டத்தை இரு தரப்பும் சேர்ந்து சோதியுங்கள்

வேலை, காலம், பட்ஜெட் மூன்றையும் சேர்த்து, முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் திட்டமே அடிப்படைத் திட்டம். ஒப்பந்தம் கிடைத்து 180 நாட்களுக்குள் ஒருங்கிணைந்த அடிப்படைத் திட்ட ஆய்வு நடத்த வேண்டும் என்பது விதி. இதைத் தேர்வுபோல நடத்தினால் பயன் போய்விடும். ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் கேட்க வேண்டியவை: இந்த மணி நேர மதிப்பீடு எதிலிருந்து வந்தது? இந்த வேலைக்கு ஆள் இப்போது இருக்கிறாரா? யாருடைய பாகம் தாமதமானால் உங்கள் வேலை நிற்கும்? பதில் வராத கணக்குகள் அன்றே இடர்ப் பட்டியலில் ஏற வேண்டும்.

படி 4: கால அட்டவணைக்கு உடல் பரிசோதனை

பென்டகனின் ஒப்பந்த மேலாண்மை முகமை பரவலாக்கிய 14 சோதனைகள் இதற்கு உதவும். முன்பின் இணைப்பு இல்லாத பணிகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 44 வேலை நாட்களுக்கு மேல் நீளும் பணிகளுக்கும், 44 நாட்களுக்கு மேல் தளர்வு (முடிவுத் தேதியைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாட்கள்) உள்ள பணிகளுக்கும் அதே 5 சதவீத வரம்புதான். எதிர்மறைத் தளர்வு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இவற்றில் தேறினாலும் காலத் திறன் குறியீட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஈராண்டு தாமதமாக முடிந்த திட்டத்திலும், வேலை முழுவதும் முடிந்த நாளில் ஈட்டியதும் திட்டமிட்டதும் சமமாகி அந்தக் குறியீடு 1 ஆகிவிடும். திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அது தாமதத்தைச் சொல்லாது. 2003-இல் வால்ட் லிப்கே முன்வைத்த ஈட்டிய கால முறை, தாமதத்தை டாலரில் அல்லாமல் மாதங்களில் அளப்பதால் இந்தக் குறை நீங்குகிறது. அதோடு, திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் பணித் தொடரான முக்கியப் பாதையையும் மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

படி 5: இறுதிச் செலவு மதிப்பீட்டை மறுகணக்கிடுங்கள்

ரேடார் ஒப்பந்தத்துக்குத் திரும்புவோம். இதே திறனில் போனால் இறுதிச் செலவு 10-ஐ 0.80-ஆல் வகுத்த 12.5 கோடி. நிறுவனமோ 10.5 கோடியில் முடிப்பதாகச் சொல்கிறது. மீதி வேலை 7 கோடி. அந்த 10.5 கோடியில் ஏற்கெனவே செலவான 3.75 போக மிஞ்சும் பணம் 6.75 கோடி. அதாவது இனிமேல் திறன் 1.04 ஆக வேண்டும், இதுவரையிலான 0.80-ஐவிட ஏறத்தாழ 30 சதவீத முன்னேற்றம். அது எப்படி வரும் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய காரணம் இல்லையென்றால் 10.5 கோடியை ஏற்கக் கூடாது.

20 சதவீத வேலை முடிந்தபின் ஒட்டுமொத்தச் செலவுத் திறன் பெரிதாக மாறுவதில்லை என்று, பாதுகாப்பு ஒப்பந்தங்களை 1990-களில் ஆராய்ந்த டேவிட் கிறிஸ்டென்சனும் அவருடைய சகாக்களும் காட்டினர். பின்னால் ஈடுகட்டிவிடலாம் என்ற வாதம் வரும்போதெல்லாம் நினைவில் கொள்ள வேண்டிய முடிவு இது.

படி 6: விலகலுக்குக் காரணத்தை எழுதுங்கள்

“எதிர்பார்த்ததைவிட அதிக மணி நேரம் ஆனதால் செலவு கூடியது” என்பது காரணமல்ல. எண்ணை வார்த்தையில் சொல்வது மட்டுமே. “வார்ப்புப் பாகங்களில் விரிசல் கண்டதால் இரண்டு தொகுதிகளைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று, அச்சு மாற்றப்பட்டது, ஒருங்கிணைப்புச் சோதனை ஆறு வாரம் தள்ளும், இறுதிச் செலவில் இவ்வளவு சேர்க்கப்பட்டது” என்று எழுதினால் அது விளக்கம். காரணம், விளைவு, திருத்தம், யார் எப்போது செய்வார், இறுதி மதிப்பீட்டில் என்ன மாறியது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். எல்லாக் கணக்குக்கும் விளக்கம் கேட்பதைவிட, மொத்த விலகலில் பெரும்பங்கு வகிக்கும் சிலவற்றுக்கு ஆழமாகக் கேட்பதே பலன் தரும்.

படி 7: அடிப்படைத் திட்டத்தைக் காவல் காத்திடுங்கள்

நடந்து முடிந்த மாதங்களின் பட்ஜெட்டைத் திருத்தி விலகலை அழிக்கக் கூடாது. எதிர்பாராத வேலைக்காக வைத்த மேலாண்மை இருப்பை, ஏற்கெனவே கூடிப்போன செலவை மூட எடுக்கக் கூடாது. திட்டம் எட்டவே முடியாத நிலைக்குப் போனால், அரசின் ஒப்புதலோடு இலக்குக்கு மேற்பட்ட புதிய அடிப்படைத் திட்டத்தை வெளிப்படையாக அமைக்கலாம். பழைய விலகலின் வரலாறு அப்போதும் பதிவில் இருக்க வேண்டும்.

அலட்சியத்துக்கு விலை உண்டு. எஃப்-35 போர் விமானம் தயாராகும் லாக்ஹீட் மார்ட்டினின் ஃபோர்ட் வொர்த் ஆலையில் இந்த முறைக்கு இருந்த ஏற்பை ஒப்பந்த மேலாண்மை முகமை 2010-இல் விலக்கிக்கொண்டது. 2012-இல் புதிய எஃப்-35 ஒப்பந்தத்தின் தவணைகளில் 5 சதவீதம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏற்பு திரும்பக் கிடைக்க 2013 ஆயிற்று.

எங்கே தொடங்குவது?

இந்த முறை செலவு ஈட்டுத்தொகை ஒப்பந்தங்களுக்கும் ஊக்கத்தொகை ஒப்பந்தங்களுக்கும் உரியது. மாறா விலை ஒப்பந்தங்களில் இதைத் திணிப்பதை விதிகளே ஊக்குவிப்பதில்லை. எந்தத் தொகைக்கு மேல் கட்டாயம் என்ற வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால், கையில் இருக்கும் ஒப்பந்தத்தின் சரத்தைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

பிறகு ஒரே ஒரு ஒப்பந்தத்தில் செலவு விலகல் அதிகமுள்ள ஐந்து கட்டுப்பாட்டுக் கணக்குகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் அவற்றின் மதிப்பு ஈட்டும் விதிகளையும் சான்றுகளையும் சரிபார்ப்பது. இரண்டாம் மாதம் இறுதிச் செலவைத் தனியாகக் கணக்கிட்டு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவது. மூன்றாம் மாதம் அந்த வித்தியாசத்தை மட்டும் பொருளாக வைத்து, இரு தரப்புத் திட்ட மேலாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவது. அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் பொறுப்பாளர் பெயருடனும் தேதியுடனும் அடுத்த மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.