சுரங்கம் வெட்டிய பூமியைச் சீர்திருத்தல்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

நிலக்கரி முதலியவற்றைத் திறந்தவெளிச் சுரங்கமாக வெட்டி எடுக்கும்போது, அடிமண்ணும் பாறையும் கலந்து பெரும் மேடுகளாகக் குவிகின்றன. இவற்றைச் சமன்செய்து புல் விதைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். பூமியின் வடிவம் சரியாக அமையாவிடில், விதையும் மண்ணும் சில மழைகளிலேயே கரைந்து இறங்கி, அண்டை நிலங்களையும் வாய்க்கால்களையும் தூர்த்துவிடும்.

வழக்கமான முறை யாதெனில், சரிவை ஒரே வாட்டமாகச் செதுக்கி, குறுக்கே வரப்புகளிட்டு, நேரான வடிகால்களுக்குக் கல் பாவுவதாகும். பெருமழையில் ஒரு வரப்பு உடைந்தால், அதன் ஜலம் கீழ் வரப்புகளையும் வரிசையாக உடைக்கும். ஆகையால் இதற்கு ஓயாத பராமரிப்பு வேண்டும்.

இதற்கு மாறாக, இயற்கைக் குன்றுகளின் வடிவத்தையே பின்பற்றும் முறை ஒன்றுண்டு. அமெரிக்காவில் மழை குறைந்த நியூ மெக்ஸிகோ மாகாணத்திலுள்ள லா பிளாட்டா நிலக்கரிச் சுரங்கத்தில், நிக்கோலஸ் புகாஷ் என்னும் நிலவியல் அறிஞர் வகுத்த இம்முறை கையாளப்பட்டது. இதற்கு ஜியோபுளூவ் என்று பெயர். இதன் விதிகள் வருமாறு:

1. வெட்டப்படாத அண்டை நிலத்தை முதலில் அளக்கவேண்டும். மேட்டின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடை தொடங்குகிறது, இவ்வளவு பரப்புக்கு எவ்வளவு நீளம் ஓடை உள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் அவசியம்.

2. வேலையின் கணக்கு, ஜலம் வெளியேறும் கீழ்முனை மட்டத்திலிருந்து தொடங்கவேண்டும். அம்மட்டம் தவறினால் ஓடை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

3. சரிவு உச்சியில் கவிந்தும், அடியில் குழிந்தும் இருக்கவேண்டும். உச்சியில் ஓடும் ஜலம் கொஞ்சமாதலால் சரிவு தாங்கும். கீழே ஜலம் பெருகுவதால் வாட்டம் குறையவேண்டும்.

4. ஒரே பெரிய சரிவுக்குப் பதிலாக, சிறு மேடுகளும் பள்ளங்களுமாகப் பிரித்து, ஓடைகளை வளைந்து செல்லவிடவேண்டும். வெள்ளம் ஓரிடத்தில் திரளாது, வேகமும் தணியும். வெயில்படும் சரிவிலும் நிழற்சரிவிலும் வெவ்வேறு பயிரினங்கள் தாமே இடம்பிடிக்கும்.

மேல்மண்ணைச் சுரங்கம் வெட்டுமுன் தனியாக எடுத்து வைத்து, வடிவம் அமைந்தபின் பரப்பி, அந்நாட்டுப் புல்பூண்டுகளை விதைக்கவேண்டும். நெடுநாள் குவிந்துகிடந்த மேல்மண் உயிர்ச்சத்தை இழந்துவிடுமாதலால், கூடியவரை விரைவில் பரப்புதல் நலம்.

அமெரிக்காவில் 1977-ம் வருஷத்துச் சட்டம், நிலக்கரிச் சுரங்க நிலத்தை ஏறக்குறைய முன்னிருந்த வடிவத்துக்குக் கொணரவும், மேல்மண்ணைக் காக்கவும், ஜாமீன் தொகை கட்டவும் கட்டளையிடுகிறது. பயிர் நிலைபெறும் பொறுப்பு பொதுவாக ஐந்து வருஷம். வருஷ மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள இடங்களில் பத்து வருஷம். வறண்ட நாட்டில் பயிர் நிலைத்ததா என்பது ஓரிரு மழையில் தெரியாது என்பதே இதன் கருத்து.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. நிலத்தை மண்ணெடுக்கவோ கல்வெட்டவோ குத்தகைக்கு விடும் நிலச்சுவான்தார், பணத்தொகையை மட்டும் பேசி முடித்தல் போதாது. மேல்மண் எங்கு சேமிக்கப்படும், இறுதியில் பூமி எவ்வடிவில் ஒப்படைக்கப்படும், ஜலம் எவ்வழி வெளியேறும் என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கிராம அதிகாரிகள் வெட்டுமுன்பே சரிவுகளையும் ஓடைகளையும் வரைபடத்தில் குறித்து வைத்தால் பேருதவியாகும். வெட்டியபின் பழைய வடிவம் எதுவென்று சொல்லச் சாட்சி இராது.