கோவளத்துக் கடல் பச்சை போனில் ஏன் வெளிறுகிறது?

கோவளத்தில் கேமராவை நம்பிப் பிழைக்க வழி உண்டு. சர்ஃபிங் பள்ளி, கல்யாணத்துக்கு முந்தைய ஜோடி ஷூட், ரிசார்ட் விளம்பரம் என்று ஈசிஆர் ஓரமே வேலை கிடைக்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு புகாருக்குத் தயாராக இருக்க வேண்டும்: “கேமராவுல பாக்கும்போது கடல் பளிச்சுன்னு இருந்துச்சேண்ணா, எங்க போன்ல ஏன் டல்லா இருக்கு?” லென்ஸைச் சந்தேகிக்கும் முன் மெனுவில் ஒரு வரியைப் பாருங்கள்: கலர் ஸ்பேஸ்.

இரண்டில் எது?

பெரும்பாலான கேமராக்களில் இரண்டு தேர்வுகள் இருக்கும். எஸ்ஆர்ஜிபி, 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சாதாரண மானிட்டர்களுக்காக வகுத்தது. அடோபி ஆர்ஜிபி, அச்சு மையின் நிறங்களையும் மனதில் வைத்து 1998இல் வந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறப் பரப்பில் முன்னது ஏறத்தாழ 35 சதவீதத்தையும் பின்னது 50 சதவீதத்தையும் அடக்கும்.

அப்படியானால் பெரியதையே வைத்துவிடலாமே? அவசரப்பட வேண்டாம். கூடுதலாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பச்சையிலும் நீலப்பச்சையிலும்தான். சிவப்பின் முனையும் நீலத்தின் முனையும் இரண்டிலும் ஒன்றே. கோவளத்தில் காலையில் சூரியன் கடல் பக்கம் நிற்கும். பிற்பகலில் முதுகுப் பக்கம் வந்துவிடும். அப்போது அலை திரும்பி மடியும் இடத்தில் தெரிகிற அந்தக் கண்ணாடிப் பச்சைக்கு அடோபி ஆர்ஜிபி உதவலாம். மணப்பெண்ணின் அரக்குப் பட்டுக்கு அதனால் பெரிய லாபமில்லை. பட்டில் ஜரிகையும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்பாக அப்பிக்கொண்டால், பெரும்பாலும் குற்றம் எக்ஸ்போஷரில் இருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பார்த்து, எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள்.

டல்லாவது எப்படி?

ஜேபெக் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். 500 என்று மட்டும் எழுதினால் ரூபாயா டாலரா என்று தெரியாது. அதைச் சொல்வதுதான் கோப்போடு ஒட்டியிருக்கும் கலர் ப்ரொஃபைல். அதைப் படிக்காத செயலி, அடோபி ஆர்ஜிபி எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். உடனே கடல் வெளிறும், முகத்தில் ரத்த ஓட்டம் குறைந்தது போலாகும்.

கேமராவின் கலர் ஸ்பேஸ் அமைப்பு ஜேபெக்கைத்தான் மாற்றும். ரா கோப்பில் அது ஒரு குறிப்பு மட்டுமே. நிறத்தை ஏற்றுமதி செய்யும்போது முடிவு செய்துகொள்ளலாம்.

வேலைக்கு ஏற்ற அமைப்பு

1. அன்றைக்கே போனுக்கு அனுப்பும் படங்கள்: ஜேபெக், எஸ்ஆர்ஜிபி. இதில் யோசிக்க எதுவுமில்லை.

2. ஆல்பம், விளம்பரம்: ராவில் எடுங்கள். 16 பிட்டில் திருத்தி, கடைசியில் வேண்டிய ஸ்பேஸுக்கு மாற்றுங்கள். ப்ரோஃபோட்டோ போன்ற அகலமான ஸ்பேஸை 8 பிட்டில் வைத்துத் திருத்தினால் வானம் பட்டை பட்டையாகப் பிரியலாம்.

3. பெரிய பிரின்ட்: லேபிடம் எந்த ப்ரொஃபைல் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். அடோபி ஆர்ஜிபி என்று அவர்களே சொன்னால் மட்டும் அதைக் கொடுங்கள்.

4. இரண்டு பேர் எடுக்கும் ஷூட்: எல்லா கேமராவிலும் ஒரே அமைப்பு வையுங்கள். ஷூட் முடிந்த பின் சரிபார்க்கச் சுலபமான வழி கோப்பின் பெயர். கேனான், நிகான், சோனி கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி படத்தின் பெயர் வழக்கமாக அண்டர்ஸ்கோரில் தொடங்கும்.

5. போன் படங்கள்: 2016இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற வேறொரு ஸ்பேஸில் எடுக்கின்றன. ஆல்பத்தில் கலக்கும் முன் அவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவாருங்கள்.

கை தவறும் இடம்

ஃபோட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’, ‘அசைன் ப்ரொஃபைல்’ என்று இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கும். டெலிவரிக்கு வேண்டியது ‘கன்வர்ட்’தான். அது நிறத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். ‘அசைன்’ எண்களை அப்படியே விட்டு அடையாளத்தை மட்டும் மாற்றும், நிறம் புரண்டுவிடும். சேமிக்கும்போது ப்ரொஃபைலை உட்பொதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: விலை குறைந்த பல லேப்டாப் திரைகளுக்கு எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டவே முடியாது. அதில் பார்த்து, கடல் சாயம் போயிருக்கிறதே என்று சாச்சுரேஷனை ஏற்றினால், கிளையன்ட்டின் நல்ல போனில் அது பெயின்ட் அடித்த கடலாகத் தெரியும். முதலில் காசு போட வேண்டியது எஸ்ஆர்ஜிபியை முழுமையாகக் காட்டும் மானிட்டரிலும் அதை அளவிடும் கருவியிலும். அடுத்த லென்ஸ் பிறகு வரட்டும்.

கொட்டேஷனிலேயே ஒரு வரி சேருங்கள்: “டெலிவரி ஜேபெக், எஸ்ஆர்ஜிபி; பிரின்ட் கோப்பு லேப் கேட்கும் ப்ரொஃபைலில்.” நாளைக்கு ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போகும்போது “எந்த கலர் ஸ்பேஸ்ல எடுப்பீங்க?” என்று கேட்டால், “படம் எங்க போகுது சார்?” என்று திருப்பிக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.