எடைச் சீட்டும் நூறாண்டுப் பீப்பாயும்

அன்புள்ள தம்பிக்கு,

ஈஸ்டர் விடுமுறையில் மெல்போர்னிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசா வரை கேரவனில் குடும்பத்தோடு போகப் போகிறாய் என்று கம்பத்திலிருந்து உன் அம்மா போனில் சொன்னாள். ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதானே! அந்த நினைப்பில், “டிரைவர் கூட வருவாராக்கா?” என்று கேட்டாள். டிரைவர் நீயே என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அதனால்தான் பெரியம்மாவின் இந்தக் கடிதம்.

பெரியம்மாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் இதே வழியில் போய் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் தாத்தா. கால்டர் நெடுஞ்சாலையில் மில்டுரா வரை சுமார் 540 கி.மீ. அங்கிருந்து ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் ரென்மார்க், பிளான்ச்டவுன், ட்ரூரோ தாண்டினால் பரோசாவின் நூரியூட்பா. அவர்கள் பட்ட சங்கடங்களைக் கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது: முக்கால்வாசி, புறப்படுவதற்கு முந்தின இரவு வீட்டு வாசலிலேயே வண்டியில் ஏறிவிட்டிருந்தன.

அரிசி மூட்டை, கிரைண்டர், இட்லிப் பானை, குக்கர் இரண்டு என்று எல்லாம் ஏறின. பின்பக்கக் கம்பியில் நான்கு சைக்கிள்கள். தண்ணீர்த் தொட்டி இரண்டும் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. கேரவனில் ஒரு தகடு பொருத்தியிருப்பார்கள், அதில் எடை பொறித்திருக்கும். அவர்களுடையதில் வெற்று எடை 2,100 கிலோ, ஏற்றிய பிறகு தாண்டக் கூடாத எடை 2,500 கிலோ. ஆக, சாமானுக்கு 400 கிலோ. தாராளம் என்று தோன்றும். தொட்டிக்கு 95 லிட்டர் வீதம் தண்ணீரே 190 கிலோ. இரண்டு கேஸ் சிலிண்டர்கள் ஏறக்குறைய 35 கிலோ. சைக்கிளும் அதைத் தாங்கும் கம்பியும் 60 கிலோ. மிச்சம் 115 கிலோவுக்குள் படுக்கை, துணி, கூடாரத் துணி, மேசை நாற்காலி, பாத்திரம், பத்து நாள் சாப்பாடு! அவர்கள் எடையே போட்டுப் பார்க்கவில்லை.

மில்டுரா போகும் வழியில் ஓயன் ஊரைத் தாண்டியதும் எதிரே ஒரு பெரிய டிரக் வந்தது. அது அடித்த காற்றில் கேரவனின் வால் ஒரு பக்கம் போனது, திரும்பியது, மறுபக்கம் இன்னும் அதிகமாகப் போனது. ஓட்டியவர் பதறி பிரேக்கை மிதித்தார். ஆட்டம் கூடியது. கடைசியில் சாலையோரப் புல்லில் இறங்கி நின்றபோது பிள்ளைகள் அழக்கூட மறந்திருந்தார்கள். யாருக்கும் அடி இல்லை என்பது பெரிய கொடுப்பினை.

இதன் காரணத்தை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் உள்ள இணைப்புக் குமிழின் மேல் அழுந்த வேண்டும். பாரத்தைப் பின்னால் ஏற்றினால் முன்மூக்கு லேசாகிவிடும், வால் காற்றுக்கெல்லாம் ஆடும். கனமான சாமான் தரையோடு ஒட்டி, சக்கர அச்சுக்கு மேலே இருக்கட்டும். ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் கேரவன் பிரேக்குக்கென்று தனி விசை இருக்கும், அதை மட்டும் மெதுவாக அழுத்து. வால் பின்னுக்கு இழுபட்டு நேராகும். கிளம்பும் முன் அந்த விசை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகு.

அப்புறம், கார் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதே. காரும் கேரவனும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று வேறொரு உச்ச வரம்பு உண்டு. கார் நிறையக் குடும்பம் உட்கார்ந்தால் இழுக்கும் அளவு அந்த வரம்புக்குள் சுருங்கிவிடும். சரக்கு லாரிகள் ஏறும் எடைமேடை உன் ஊரிலும் இருக்கும். எல்லாரையும் உட்கார வைத்து, தொட்டியை நிரப்பி, அப்படியே ஏறி நில்.

பிள்ளைகள் பின்னால் கேரவன் மெத்தையில் தூங்கிக்கொண்டு வரட்டுமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஓடும் கேரவனுக்குள் ஆள் இருப்பது ஆஸ்திரேலியாவில் சட்டப்படி குற்றம்.

ரென்மார்க்குக்கு முன்னால் யாம்பா என்ற இடத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பழ ஈ சோதனைச் சாவடி இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண் அங்கே தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை, ஒரு பெட்டி மாம்பழம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. பழம் என்றுதானே பலகையில் இருந்தது, மிளகாயுமா என்று அவளுக்கு ஆற்றாமை. பழ ஈக்கு மிளகாயும் தக்காளியும் பழம்தான், உள்ளே முட்டை வைத்துவிடும். ரென்மார்க்கைச் சுற்றியுள்ள ரிவர்லாண்டின் ஆரஞ்சுத் தோப்புகளைக் காப்பாற்ற அந்த மாநிலம் படும் பாடு கொஞ்சமில்லை. 2020 டிசம்பரிலிருந்து அங்கே பழ ஈ திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஒளித்து எடுத்துப் போனால் அபராதமும் உண்டு. மில்டுராவில் தங்கும் இரவே காயெல்லாம் குழம்பாகட்டும். சமைத்ததற்குத் தடையில்லை.

இதைவிட முக்கியம் செருப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஃபைலாக்ஸெரா என்று ஒரு வேர்ப்பேன், திராட்சை வேரை உறிஞ்சிக் கொடியையே கொன்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைப் பாழாக்கியது. 1877இல் ஜீலாங் பக்கம் விக்டோரியாவுக்குள் நுழைந்தது. 2006இல் யாரா பள்ளத்தாக்குக்கு வந்தது. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை நுழையவில்லை. பரோசாவில் 1843இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்ப்பதற்கு அதுதான் காரணம். அங்கே 35 வயதானால் முதிய கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125க்கு மேல் மூதாதை என்று 2009இல் ஒரு சாசனமே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேன் செருப்பில் ஒட்டும் மண்ணில், சக்கரச் சேற்றில் பயணம் செய்யும். நீ போன மாதம் யாராவில் நடந்த அதே ஷூவோடு பரோசாவின் கொடி வரிசைக்குள் இறங்கக் கூடாது, தம்பி. கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓடி விளையாடி வளர்ந்தவன் நீ. அங்கே பந்தலும் இல்லாமல், இடுப்பு உயரத்தில், முறுக்கிய கையைப் போல் தனித்தனியே நிற்கும் கிழக் கொடியைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். கூப்பிட்டால் போ, இல்லையேல் வேலிக்கு வெளியே நின்று பார்.

பரோசா போனதும் அந்தக் குடும்பம் செய்த தவறு, கேரவனைக் கழற்றாமல் ஒயின் ஆலைகளுக்குப் போனது. ஓர் ஆலையின் பாதை முடிவில் திரும்ப இடமில்லை. இரண்டு பக்கமும் ரோஜாச் செடி, பின்னால் இரண்டு கார்கள். கணவன் பின்னோக்கி எடுக்க, மனைவி இடம் என்று கை காட்ட, அவர் கண்ணாடியில் அதை வலம் என்று எடுத்துக்கொள்ள, முக்கால் மணி நேரம். அன்று மாலை வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். நீ கேரவன் பார்க்கில் நான்கு நாள் ஒரே இடத்தில் போட்டுவிடு, காரில் மட்டும் சுற்று. இடத்தை இப்போதே பதிவு செய். 1947இல் தொடங்கிய பரோசா அறுவடைத் திருவிழா ஒற்றைப்படை ஆண்டுகளில் ஈஸ்டரை ஒட்டித்தான் நடக்கும். அந்த ஆண்டுகளில் கூடாரம் போடவும் இடம் கிடைப்பது அரிது.

கார் யார் ஓட்டுவது என்பதைக் காலைக் காப்பியின்போதே முடிவு செய்துவிடுங்கள். முதல் கோப்பைக்குப் பிறகு எடுக்கும் முடிவு வேண்டாம். ரத்தத்தில் மதுவின் எல்லை முழு உரிமக்காரருக்கு 0.05, மருமகளைப் போல் பி பிளேட் என்ற தற்காலிக உரிமத்தில் இருப்பவருக்குப் பூஜ்யம். சுவைக்க ஊற்றுவது ஒரு தடவைக்கு 20, 30 மில்லிதான். ஆனால் பரோசா ஷிராஸில் ஆல்கஹால் சுமார் 14.5 சதவீதம். ஆறு வகை சுவைத்தால் 150 மில்லி, அதாவது ஏறக்குறைய 17 கிராம் ஆல்கஹால். அங்கே 10 கிராமை ஓர் அளவு என்று எண்ணுகிறார்கள், உடம்புக்கு ஓர் அளவைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டாவது ஆலைக்குப் போனால் கணக்கு உன் கையில் இருக்காது. மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும். நமக்கு எச்சில் என்று கூசும், அங்கே ஒயின் செய்பவர்களே அதில்தான் துப்புவார்கள். கூச்சப்படாதே.

ஒரே ஓர் இடம் போக நேரமிருந்தால் செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் போ. 1851இல் தொடங்கிய ஆலை. போகும் சாலை நெடுக இரண்டு பக்கமும் பேரீச்சை இன மரங்கள் நிற்கும், 2,000க்கு மேல். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல் நடவு வேலை கொடுத்துக் காத்தபோது வந்தவை. 1878இல் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாய் டானி ஒயினை எடுத்து வைத்து, 100 ஆண்டுகளுக்கு யாரும் தொடக் கூடாது என்றார். 1978இல் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூறாண்டுப் பீப்பாய் திறக்கிறது, புதிதாக ஒன்று உள்ளே போகிறது. தான் பார்க்கப்போகாத ஒரு நாளுக்காக அவர் அதை எடுத்து வைத்தார்.

நீ பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்தே அங்கே ஒரு துளி தருவார்கள். அந்தக் குடும்பத்துத் தாத்தா 1952இல் பிறந்தவர், வாழ்நாளில் மதுவைத் தொட்டவரில்லை. அன்றும் குடிக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தார். ஆண்டுக்காண்டு ஆவியாகி, மிஞ்சியது கருப்பட்டிப் பாகு போலக் கறுத்துக் கெட்டியாகியிருந்தது. பீப்பாயில் எழுதியிருந்த ஆண்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாராம். கூப்பிட்ட பிறகும் வரவில்லை. வழியில் நடந்த எல்லாவற்றுக்கும் பிறகு, பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த நிமிடத்தைத்தான்.

பிள்ளைகளுக்குக் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் பாதை இருக்கிறது. பழைய ரயில் தடம், 1983 காட்டுத்தீயில் சேதமானது, இப்போது சைக்கிள் பாதை. பரோசாவிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், பின்கம்பியில் கட்டாதே. வாங்கும் ஒயினையும் ஆலைக்காரர்களே வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். 12 பாட்டில் பெட்டி 15 கிலோவுக்கு மேல், ஆறு பெட்டி என்றால் ஓர் ஆள் எடை.

தோசை மாவைப் பற்றி ஒன்று. அவர்கள் ஃபிரிட்ஜ் கதவின் தாழ் போடாமல் கிளம்பி, ஒரு வாளி மாவு கேரவன் தரை முழுவதும் ஓடியிருந்தது. நீ மாவு எடுத்துப் போகாதே, ரவா உப்புமா போதும். எடைமேடையில் சீட்டு கொடுப்பார்கள், அதைப் போட்டோ எடுத்துக் கிளம்புவதற்கு முன் பெரியம்மாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா