பூட்டியைத் தேடுவோர் காணி உறுதியில் தொடங்குங்கள்

வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்ட கதையை ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும். சொந்தப் பூட்டியின் பேரைக் கேட்டால் பெரியவர்களே முகட்டைப் பார்ப்பார்கள். தண்டையல்களின் பேர் கப்பலோடு நிலைத்தது. பெண்களின் பேர் காணி உறுதியில் கிடக்கிறது.

காரணம் யாழ்ப்பாணத்தின் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழமைப்படி பெண் கொண்டுவரும் சீதனம் கலியாணத்தின் பின்னும் அவளுடையதே. அது அவளுடைய பெண்பிள்ளைகளுக்கு இறங்கும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் வழக்கம். அதனால் ஒரே வளவில் தாய், மகள், மகளின் மகள் என்று தலைமுறைகள் தொடர்ந்திருக்கும்.

1. பேரைக் கேட்காதீர்கள், வளவைக் கேளுங்கள். “பூட்டியின்ர பேர் என்ன?” என்றால், “ஆச்சி எண்டுதான் கூப்பிடுவம்” என்ற பதிலே வரும். வீட்டில் மூத்த பெண்ணிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த வளவு ஆருக்குச் சீதனமாக வந்தது? அவவின் சகோதரிகள் எந்த வளவில் இருந்தவை? அவவின் திவசம் எந்த மாதம்? சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

2. உறுதியைப் பின்னோக்கிப் படியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். கையிலுள்ள உறுதியில் தொடங்கி, அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று போங்கள். பார்க்கவேண்டிய இடங்கள் மூன்று.

உரித்து வந்த வழி: தாய்க்குச் சீதனமாக வந்ததா, தகப்பனின் முதுசமா, தேடியதேட்டமா என்பது அங்கே இருக்கும். சீதனம் என்றால் தாய்வழியே ஏறுங்கள். ஆனால் தகப்பனின் காணியும் மகளுக்குச் சீதனமாகப் போவதுண்டு. எழுதிக்கொடுத்தவர் யார் என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

எல்லைகள்: ‘கந்தர் பெண்சாதி வள்ளிப்பிள்ளை’ என்பதுபோல் ஒரு பெண் பேர் வடக்கெல்லையில் இருந்தால் விடாதீர்கள். ஒரு வளவைப் பிரித்துச் சகோதரிகளுக்குக் கொடுத்திருக்கலாம். அயல்காரி உங்கள் பூட்டியின் தங்கையாக இருக்கலாம்.

ஒப்பம்: மனைவி தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். ஆகவே அவள் விற்ற உறுதியில் கணவன் பேரும் அகப்படும். எழுதத் தெரியாதவள் என்றால் ஒப்பத்துக்குப் பதில் கைநாட்டு இருக்கும்.

3. உறுதி தொலைந்திருந்தால். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் வீடுகள் எரிந்தபோது பெட்டகங்களில் இருந்த பத்திரங்களும் போயின. மனந்தளர வேண்டாம். உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடமும் இன்னொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கவேண்டும். காணியின் பேர், பரப்பு, எல்லை மூன்றையும் எழுதிக்கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தோம்பு பாருங்கள். காணிப் பேரைத் திருத்தி எழுதாதீர்கள். பழைய எழுத்துப் பிழையோடு பதிந்திருந்தால் அந்தப் பிழையே திறப்பு.

4. கல்வெட்டைத் தேடுங்கள். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டில் வம்சவரலாறும் திதி வெண்பாவும் இருக்கும். பூட்டியுடையது இல்லாவிட்டால் அவவின் மக்கள், மருமக்களுடையதைப் பாருங்கள். இணையத்தில் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலும் நினைவு மலர்கள் பல உண்டு. இறந்த திதியைச் சொல்லும் அந்த வெண்பா ‘பார்த்திப வருடம்’ என்றால் அது 1825 சித்திரையில், 1885 சித்திரையில், அல்லது 1945 சித்திரையில் தொடங்கிய ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பேர் திரும்பி வரும். அவவின் கடைசிப் பிள்ளை 1870இல் பிறந்தது என்றால் 1825 தள்ளுபடி. மிச்ச இரண்டில் எது என்பதைப் பேரப்பிள்ளைகளின் நினைவு சொல்லும்.

5. அரசாங்கப் பதிவுக்குப் போங்கள். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. பருத்தித்துறைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பூட்டியின் பிறப்பைவிட அவவின் பிள்ளைகளின் பதிவையும் அவவின் இறப்பையும் தேடுவதே பலன் தரும். ஆங்கிலப் பதிவில் ஒரே பேர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

6. மிஷன் வழியையும் பாருங்கள். பூட்டி படித்தவ என்று வீட்டில் சொன்னால், 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையை நினையுங்கள். அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உதவிய அமெரிக்கரின் பேரையே வைத்ததுண்டு. வீட்டுக்கு வள்ளிப்பிள்ளை, பதிவேட்டுக்கு மேரி. அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

7. இரண்டு சான்று இல்லாமல் கிளையில் ஏற்றாதீர்கள். பாட்டியின் பேரைப் பேர்த்திக்கு இடுவது நம் வழக்கம். ஒரே குடும்பத்தில் மூன்று வள்ளிப்பிள்ளைகள் இருப்பார்கள். பேரோடு கணவன் பேரும் வளவின் பேரும் பொருந்தினால்தான் அது உங்கள் பூட்டி.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. ஊரிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ, உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய உறுதியை எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் படம்பிடியுங்கள். அதில் வரும் பெண் பேர்களை ஒரு தாளில் எழுதி, தாய்க்கோ மாமிக்கோ வாசித்துக் காட்டுங்கள்.