வாங்கிய கட்டுரைக்கு நம் பெயரா?

கேள்வி: பி.எல்.ஆர். (Private Label Rights, வாங்கியவர் திருத்தித் தன் பெயரில் வெளியிடும் உரிமை) கட்டுரைத் தொகுப்பு வாங்கி, என் பெயரில் மின்னூலாக விற்க விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: விலைக்கு முன் உரிமத்தைப் படியுங்கள். திருத்தலாம், பெயர் போடலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறும் மறுவிற்பனை உரிமை என்றால் பொதுவாக ஒரு வரியைக்கூட மாற்ற விடமாட்டார்கள். மாதிரிப் பக்கம் தராதவரிடம் வாங்கவே வேண்டாம். தந்தால், அதிலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். பல இடங்களில் அப்படியே கிடந்தால் விட்டுவிடுங்கள். பழைய சரக்கும் நிறைய உலவுகிறது. சமூக ஊடக விளம்பரம் பற்றிய தொகுப்பு கூகுள் பிளஸில் கணக்கு தொடங்கச் சொன்னால் அது பழசு என்று புரிந்துகொள்ளுங்கள்; அந்தச் சேவை 2019-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. உடல்நலத் தொகுப்பென்றால் மருத்துவர் ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். நம்பி வாங்குபவரின் உடம்பு அது. அமேசானின் கே.டி.பி. செலக்ட் (KDP Select) திட்டத்தில் சேரும் மின்னூல் வேறெங்கும் மின்வடிவில் கிடைக்கக் கூடாது. பலருக்கு விற்ற சரக்கு அதற்கு ஆகாது.